வியாழக்கிழமை நின்ற தண்ணீர்

“நேத்து மத்தியானச் சோத்துக்கு முன்னால ரெண்டாயிரத்து இருபத்திரண்டு வரைக்கும் போயிட்டு வந்துட்டனுங்க.”

1997 பிப்ரவரியில், ஒரு திங்கட்கிழமை காலை, தொண்டாமுத்தூர் பேக்கரியில் நரசிம்மலு இதைச் சொன்னார். மில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி சுடும் என்பது போல நின்றபடியேதான் டீ குடிப்பார். மழை, பயிர், கரண்டு, கிணறு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கோத்து இருபத்தைந்து வருஷத்தை ஓட்டிப் பார்த்திருந்தார்.

“அங்க என்னங்க விசேசம்?” என்றார் பக்கத்துத் தோட்டத்துப் பாலுசாமி.

“ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல நம்ம கிணறெல்லாம் காலிங்க. வாழை வேண்டாம், சோளம் போடுங்க.”

“அதுக்குள்ள பதினஞ்சு தடவை தார் வெட்டிப்போடுவனுங்க. வெள்ளிக்கிழமை நாலு ஏக்கராவுக்கு வாழைக் கன்னு வருது.”

நரசிம்மலுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வாழை வந்தால் அவருடைய தென்னைக்கும் தண்ணீர் மிஞ்சாது. நேராகப் பாலுசாமியின் தோட்டத்துக்கு நடந்தார். அங்கே ஆளே இல்லை. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் வழிந்து, இட்டேரிப் பாதையில் பரிசல் விடலாம் போலிருந்தது. ஸ்டார்ட்டரில் ‘ஆட்டோ’ போட்டிருந்தார்கள். கரண்டு வந்தால் மோட்டார் தானே கிளம்பும்; கரண்டு இருக்கும் பதினான்கு மணி நேரமும் ஓடும். கரண்டோ இலவசம். யார் மெனக்கெட்டு வந்து நிறுத்துவார்கள்? கணக்குக்காக அவர் விசாரித்தபோது எல்லாரும் தினம் ஆறு மணி நேரம் ஓட்டுவதாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

வீட்டுக்கு ஓடினார். கணக்கில் ஆறை அழித்துப் பதினான்கு போட்டார். கிணறு காலியாகும் 2012 சரசரவென்று இறங்கி வந்து, இந்த மாசத்தில் நின்றது.

உடனே பாலுசாமியைத் தேடிப் பிடித்தார். “வியாழக்கிழமை உங்க மோட்டாரு காத்துத்தானுங்க இறைக்கும்.”

கம்ப்யூட்டர் சொன்னது மாசம்தான். கிழமை அவருடைய சொந்தச் சரக்கு.

“மணி சொல்லலீங்களா? காப்பி போட்டு வெச்சுட்டுக் காத்திருப்பனுங்க.”

அடுத்த மூன்று நாளில் நரசிம்மலு அந்தக் கிணற்றுக்கு நூற்றிருபது நடையாவது நடந்திருப்பார். எட்டிப் பார்ப்பார், படிகளை எண்ணுவார், திரும்புவார், பாதி வழியில் மறுபடி போவார். ராத்திரி கட்டிலும் அவரோடு சேர்ந்து புரண்டது. சொன்னது தப்பினால் பிறகு ஒருத்தரும் அவர் பேச்சைக் காதில் வாங்க மாட்டார்கள்.

வியாழன் மத்தியானம் பாலுசாமி வந்தார். கதவைத் தட்டுவதற்குள் நரசிம்மலு திறந்துவிட்டார்.

“கன்னு வேண்டாம்னு போன் போட்டுட்டனுங்க.”

“ஏனுங்க?”

பாலுசாமி துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்.

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. பதினொரு மணிக்குக் காத்துத்தானுங்க வந்துச்சு.”