இடது பக்க இருக்கை

இருபதடி தூரத்தில் வீட்டுக்குள் கட்டில் இருக்க, நானும் என் மனைவி ப்ரெண்டாவும் மூன்று இரவுகளாக வாசலில் நின்ற வண்டியில் படுத்து எழுந்தோம். கட்டிலும் அடுப்பும் ஃப்ரிட்ஜும் உள்ள மோட்டார் ஹோமைப் புதிதாக வாங்கியவர்கள் இங்கே இங்கிலாந்தில் அப்படித்தான் செய்வார்கள். நடுவழியில் பல்லை இளிக்கக்கூடிய குறை வாசலிலேயே தெரிந்துவிடும். செவ்வாய்க்கிழமை போர்ட்ஸ்மத்தில் வண்டியோடு கப்பல் ஏற வேண்டும். ஸ்பெயினில் இறங்கி மொராக்கோ. மார்ச் வரை யார்க்ஷயர் மழையைப் பார்க்க வேண்டியதில்லை.

நாற்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் அதன் பக்கத்தில் எனக்குத் தூக்கம் வராது. இந்த வண்டியின் ஃப்ரிட்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மோட்டார் கிடையாது. பின்னால் சின்னதாக ஒரு கேஸ் சுடர் எரிகிறது. அது அம்மோனியா கலந்த தண்ணீரைச் சூடாக்குகிறது. அம்மோனியா ஆவியாகப் பிரிந்து மேலே ஏறும், ஆறித் திரவமாகும், உள்குழாயில் மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். தள்ளிவிட பம்ப் இல்லை, தானாக வடிய வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் எல்லாம் நின்றுவிடும். அதனால்தான் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து மட்டம் பார்க்கிறோம்.

"பால் கெடாம இருக்கா? எனக்கு அது போதும்" என்றாள் ப்ரெண்டா.

"நெருப்புலேருந்து குளிர் வருது! ஆச்சரியமா இல்ல?"

"உன் அம்மா கையால சுடச்சுட டீயும் சில்லுனு ஒரு பார்வையும் வாங்கினவ நான். எனக்கு என்ன ஆச்சரியம்?"

வெள்ளிக்கிழமை காலை இன்சூரன்ஸ்காரர்கள் எங்கள் இருவருடைய ஓட்டுநர் உரிமங்களையும் முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். ப்ரெண்டா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"கீத், உன்னோடதுல ஒரு வரியைக் காணோமே."

விஷயம் இதுதான். 1997க்கு முன்னால் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்கள் கார் உரிமத்தை வைத்தே ஏழரை டன் வரை ஓட்டலாம். ஆனால் எழுபது வயது வரைதான். அதற்குமேலும் பெரிய வண்டி ஓட்ட வேண்டுமென்றால் டாக்டர் சான்றிதழோடு தபாலில் விண்ணப்பிக்க வேண்டும். கணினியில் புதுப்பித்தால் கார் மட்டும், அதாவது மூன்றரை டன் வரைதான் மிஞ்சும். ஆகஸ்டில் எனக்கு எழுபது முடிந்தது. கணினியில்தான் புதுப்பித்தேன். நாலே நிமிடத்தில் முடித்ததை அன்று சாயங்காலம் இவளிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். எங்கள் வண்டியின் எடை நாலே கால் டன்.

"இப்ப டாக்டர்கிட்ட எழுதி வாங்கினா?"

"பத்து வாரம் ஆகும்."

அவள் தன் அட்டையைத் திருப்பினாள். "எனக்கு அந்த வரி இருக்கு. இன்னும் அஞ்சு வருஷம். நான் ஓட்டறேன்."

நான் சிரித்துவிட்டேன். "நீயா? அந்த விட்பி கேட் தூணைக் கேட்டுட்டு வந்து சொல்லு."

1993இல் விட்பியில் ஒரு தூணில் காரை உரசிவிட்டாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கதையைச் சொல்லி விருந்தாளிகளைச் சிரிக்க வைப்பேன். அதன்பிறகு எந்தப் பயணத்திலும் அவளுக்கு இடது பக்க இருக்கைதான். முப்பது வருடம் பனியிலும் மழையிலும் தன் சின்னக் காரில் ஆஸ்பத்திரி வேலைக்குக் கீறல் படாமல் போய் வந்ததை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை.

வேறு வழியில்லாததால் சனிக்கிழமை அவள் ஓட்ட ஓர் ஒத்திகை. எப்போது கியர் மாற்றுவது, வளைவில் வண்டியின் வால் எவ்வளவு வெளியே வீசும் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். குறுகலான கல்பாலம் வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். என் பக்கத்துக் கண்ணாடி கல்லில் மோதி நொறுங்கியது.

பாலம் தாண்டி ஓரமாக நிறுத்தினாள்.

"விட்பியிலயும் இப்படித்தான் கையை வெச்ச. ஞாபகம் இருக்கா?"

இருந்தது.

"செவ்வாய்க்கிழமை நான் ஓட்டறேன். கையை மடியில வெச்சுக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு வரணும். மொராக்கோ வரைக்கும். முடியுமா?"

ஸ்பெயினில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதையும், நாலு டன் நிற்க எவ்வளவு தூரம் பிடிக்கும் என்பதையும், மலைச்சாலையில் பிரேக் ஏன் சூடாகிறது என்பதையும் அவளுக்கு விளக்கினேன். குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள்.

"முடியாதுன்னு ஒரே வார்த்தைல சொல்லியிருக்கலாம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை, எங்களுக்கு வண்டி விற்ற கடைக்கு ஃபோன் செய்தேன். திருப்பி எடுத்துக்கொள்கிறோம், கொண்டுவாருங்கள் என்றார்கள். நாற்பது மைல். கொண்டுபோக ப்ரெண்டாவை விட்டால் ஆளில்லை.

நல்ல மழை. லாரிகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு கடந்தன. இடது பக்கம் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கடை முற்றத்தில் இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியில் ஒரே முயற்சியில் பின்னுக்கு எடுத்து நிறுத்தினாள்.

விற்பனைக்காரர் குடையோடு ஓடிவந்தார். "அடேங்கப்பா! எத்தனை வருஷமா இவ்வளவு பெரிய வண்டி ஓட்டறீங்க மேடம்?"

"முந்தாநாள்லேருந்து."

"இவ்வளவு நல்லா ஓட்டறீங்க, அப்புறம் எதுக்குத் திருப்பிக் குடுக்கறீங்க?"

ப்ரெண்டா சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "அவரைக் கேளுங்க. நல்லா விளக்குவாரு."

நான் உரிமத்தில் வந்த சிக்கலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். ப்ரெண்டா கோட்டைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.