ஆணியில் தொங்கிய அளவு

எங்கள் சபையில் யார் ஜெபம் செய்தாலும் முடிவில் எல்லோரும் வாய்விட்டு ஆமென் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொன்னால் செல்லாது. வாய் திறக்காதவர் அந்த ஜெபத்துக்குச் சம்மதிக்கவில்லை என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி என் தோளுக்குப் பக்கத்தில் நின்று ஆமென் சொல்கிறவள். நூறு குரல்களுக்கு நடுவிலும் அவள் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். அதனால்தான் அவள் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்த அன்று அந்தக் குரல் வராமல் போனதை நான் ஒருவன் மட்டும் கவனித்தேன். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் இருமினாள். அவளுக்கு இருமலே கிடையாது.

நாங்கள் கல்யாணக் கவுன் தைக்கும் கடை வைத்திருக்கிறோம். கட்டிங் மாஸ்டர் அவள்தான். துணியானாலும் பேச்சானாலும் ஒரே வெட்டு என்பதால் தெருவில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். நான் காஜா எடுப்பேன், ஹூக் வைப்பேன், இஸ்திரி போடுவேன், இடையிடையே திட்டு வாங்குவேன். தொழிலில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

என் மச்சினி, அதாவது கத்திரியின் தங்கை, அவளுக்கு நேர் எதிர். எதற்கும் கடைசியில் வருவாள், வந்ததும் நடுவில் உட்காருவாள். என் மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் மேலைத் துடைத்து, மருந்து கொடுத்து, பக்கத்திலேயே கிடந்தவள் கத்திரி. கண் மூடும் நேரத்தில் அந்த மனிதர் தேடியது சின்னவளை. சபைப் பக்கமே எட்டிப் பார்க்காமல் பல வருடம் இருந்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது போதகர் கட்டிப்பிடிக்காத குறையாக வரவேற்றார். ஒரு ஞாயிறும் தவறாமல் போன கத்திரியிடம் அவர் பேசியதெல்லாம் பாடகர் குழு அங்கி கிழிந்திருப்பது பற்றி.

இதனால் சபையில் இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதை வாசிக்கப்படும் ஞாயிறுகளில் என் பாடு திண்டாட்டம். விடியற்காலையில் வேலைக்கு வந்தவனுக்கும் பொழுது சாயும்போது வந்தவனுக்கும் தோட்டத்து எஜமான் ஒரே கூலி கொடுத்த கதை. முணுமுணுத்தவனிடம், நான் நல்லவனாக இருப்பது உன் கண்ணை உறுத்துகிறதா என்று அவர் கேட்பார்.

“உறுத்தாம என்ன செய்யும்?” என்பாள் கத்திரி, வீட்டுக்கு வரும் வழியில். “அவர் ஒரு மாசம் தையல் கடை நடத்திப் பாக்கட்டும். அப்பத் தெரியும்.”

எஜமான் என்றால் ஆண்டவர்தான் என்று தெரிந்தேதான் சொல்வாள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

இதெல்லாம் பழைய புகைச்சல். புதிதாகப் பற்றிக்கொண்டது எங்கள் மகள் விஷயத்தில். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள், எங்களுக்கு ஒரே பெண். போன வருடம் அவளுக்கு ஒரு இடம் அமைந்து, கல்யாணத் தேதி வரை பேசிவிட்டு, காரணம் சொல்லாமல் மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். அதற்குள் கவுனுக்காகத் துணிமேல் வைத்து வெட்டும் பேட்டர்னைக் கத்திரி பழுப்புத் தாளில் வெட்டிவிட்டிருந்தாள். கழுத்து வடிவத்தை மகளே வரைந்திருந்தாள். எங்கள் கடையில் எல்லாப் பேட்டர்னிலும் பெயர் எழுதுவது வழக்கம். இதில் மட்டும் எழுதவில்லை, பெற்ற மகளின் அளவுக்குப் பெயர் எதற்கு என்று. வெட்டு மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கியது. ஒரு தடவை எடுத்து வைக்கப் போனேன். அங்கேயே இருக்கட்டும் என்றாள். அவள் சொன்ன தொனியில் நான் இஸ்திரிப் பெட்டியைத் தேடிப் போய்விட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் மச்சினியின் மகளுக்கு வரன் வந்தது. எங்கள் மகளைவிட ஆறு வயது சின்னவள். தேடாமல், அலையாமல், தானாக வந்த நல்ல இடம். மச்சினி துணியோடு நேராக எங்கள் கடைக்கு வந்து நின்றாள். ஊருக்கெல்லாம் தைப்பவள் தங்கை மகளுக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அளவு எடுத்து முடிக்கும்வரை கத்திரி குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டே இருந்தாள். அளவெடுக்கக் குண்டூசி தேவையே இல்லை. வாய் நிறைய ஊசி இருந்தால் வாழ்த்துச் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான்.

கல்யாணப் பெண் சூதுவாது தெரியாதவள். சுவரைப் பார்த்துவிட்டு, அக்கா வரைந்த அந்தக் கழுத்து தனக்கும் வேண்டும் என்று ஆசையாகக் கேட்டாள். கத்திரி தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்தக் கவுனை அவள் வேறு யாரையும் தொட விடவில்லை. தானே வெட்டி, தானே தைத்தாள். வழக்கமாக மெஷினில் உட்கார்ந்தால் பாட்டு வரும். இந்தத் தடவை மெஷின் சத்தம் மட்டும் வந்தது. சாப்பாடும் பாதியானது. சாயங்கால ஜெபத்தில் மகள் தன் தங்கைக்காக வேண்டிக்கொள்ளும்போதெல்லாம் கத்திரி, அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க எழுந்து போவாள். அணைத்த அடுப்பைத்தான் தினமும் போய்ப் பார்த்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் டிரயலுக்கு மச்சினி மகளைக் கூட்டி வந்தாள். திரைக்குப் பின்னால் போன பெண் வெளியே வரவே இல்லை. ஜிப் ஏறவில்லை என்று மெல்லிய குரல் கேட்டது. பிறகு மெதுவாக வந்து கண்ணாடி முன் நின்றாள். முதுகில் என் உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி. கீழே ஒரு முழம் துணி தரையில் கிடந்தது. பெண் குள்ளம், கொஞ்சம் பூசின உடம்பு. அந்தக் கவுனோ ஒரு நெட்டை ஒல்லிக்குத் தைத்தது. இஸ்திரி போடும்போது நீளமாக இருக்கிறதே என்று நினைத்தேன், உயரமான செருப்பு போடுவாளாக்கும் என்று விட்டுவிட்டேன். கத்திரியிடம் வெட்டைப் பற்றிக் கேள்வி கேட்டு உயிரோடு இருப்பவர் யார்?

மச்சினி மகளின் முதுகைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள்.

“மனசுக்குப் பிடிக்கலன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா.”

கத்திரி ஆணியைப் பார்த்தாள். ஆணி காலியாக இருந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்தாள். தங்கை மகளின் பெயர் எழுதிய பேட்டர்ன் ஒரு குண்டூசி குத்தின அடையாளம்கூட இல்லாமல் சுருட்டியபடி கிடந்தது. கழுத்தைப் பார்த்து எடுக்க மகளின் தாளைக் கீழே இறக்கியவள், அந்தத் தாளையே துணிமேல் விரித்து முழுதாக வெட்டியிருக்கிறாள். இத்தனை வருடத்தில் ஒரு ரவிக்கைக் கையைக்கூட மாற்றி வெட்டாதவள். அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“நான் வேணும்னு செய்யலைங்க” என்றாள். “ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண முடியல.”

எனக்குப் பயமாக இருந்தது. கவுன் போனால் போகட்டும். அக்கா தங்கை உறவு இந்தக் கடைக்குள்ளேயே முறிந்து, இவள் அதை நினைத்து நினைத்தே உருக்குலைந்து போவாளே என்று பயந்தேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் மகள் வேலை முடிந்து வந்தாள், தங்கையைக் கவுனில் பார்க்கும் ஆசையோடு. வாசலிலேயே நின்று மேலும் கீழும் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு.

“இது என்னோடதுல்ல?” என்றாள். “அடப்பாவமே, உன்னை எதுக்குடி எனக்குள்ள போட்டு அடைச்சிருக்காங்க?”

கத்திரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் அருகில் போய் உட்கார்ந்தாள். என்ன நடந்தது என்று யாரும் அவளுக்கு விளக்கவில்லை. அம்மாவின் அழுகையும் காலி ஆணியும் போதுமானதாக இருந்தன.

“அம்மா, அந்த வீட்டுக்காரங்க வேணாம்னு சொன்ன அன்னைக்கு எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அந்தாள் என்னைப் பேசவே விட மாட்டான். நீ அழுதுக்கிட்டே இருந்ததால சொல்லல. இவளைப் பாத்து எனக்குப் பொறாமை வந்தா நானே பட்டுக்குறேன். எனக்கு வராததை நீ ஏம்மா எனக்காகப் படுற?”

கத்திரி முகத்திலிருந்து துணியை எடுத்தாள். ஒரு வருடமாக மகளுக்காகச் சுமக்கிறோம் என்று நினைத்த மூட்டையை மகள் தன்னுடையதில்லை என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் அது யாருடையது? இதற்கு மேல் சாக்குச் சொல்லும் ஆள் இல்லை அவள். வெட்டினால் ஒரே வெட்டு. தங்கையைப் பார்த்தாள்.

“இவளுக்காக இல்லடி. எனக்குத்தான். சின்ன வயசுலேர்ந்து உனக்கு ஒண்ணு கிடைச்சா என் கையிலேர்ந்து பிடுங்கின மாதிரி இருக்கும். அப்பா கடைசியில உன்னைத் தேடினப்பகூட. நீ சபைக்குத் திரும்பி வந்தப்பகூட நான் சந்தோஷப்படல.”

மச்சினி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் இருந்தது, அது போய்க்கொண்டும் இருந்தது.

“தெரியாதா எனக்கு? வாயில ஊசிய வெச்சுக்கிட்டு அளவெடுத்தவளாச்சே நீ.”

“தெரிஞ்சும் ஏன்டி இங்க கொண்டு வந்த?”

“வேற எங்க கொண்டு போறது? என் கல்யாணக் கவுனும் நீ தைச்சதுதானே” என்றாள் மச்சினி. அவளைப் பொறுத்தவரை இது ஒரு கேள்வியே இல்லை.

கத்திரி அழுதாள். நான் இத்தனை வருடத்தில் பார்த்த அழுகைகளில் அது சேராது. இறுகக் கட்டின கச்சையை அவிழ்த்துவிட்டதைப் போல மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வந்தது. கல்யாணப் பெண் அந்த முழம் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து பெரியம்மாவைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டதில் இன்னொரு தையல் பட்டென்று விட்டது. அதற்கு எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது, மறைக்கவில்லை.

வாங்கின துணியில் மிச்சம் ஒரு சாண்கூட இல்லை. கத்திரி பெண்ணைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். தரையில் கிடந்த அதிக நீளத்தைக் கையில் எடுத்து, விலாப்பக்கம் வைத்துப் பார்த்தாள். எங்கள் மகளின் உயரத்துக்காகக் கீழே கூடிப்போன துணி, பக்கங்களில் குறைந்த அகலத்துக்குச் சரியாகப் போதும். அக்கா தங்கை, மகள்கள், நான், எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தையல் பிரித்தோம். மெஷின் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அதன் சத்தத்துக்கு மேலே கத்திரியின் பாட்டு கேட்டது. சுருதி எப்போதும் போல விலகித்தான் இருந்தது.

கல்யாணத்தில் கவுனின் இரண்டு பக்கமும் வைத்த பட்டிகளைப் பார்த்து, இதென்ன புது மாடலா, எங்கள் பெண்ணுக்கும் இப்படித் தைப்பீர்களா என்று ஒரு அம்மாள் விசாரித்தாள்.

“அப்படித் தைக்கணும்னா முதல்ல தப்பா வெட்டணுமே” என்றாள் கத்திரி.

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற மச்சினி அக்காவின் இடுப்பில் கிள்ளினாள்.

மோதிரம் மாற்றியானதும் போதகர் இருவர் தலையிலும் கைவைத்து ஜெபம் செய்யத் தொடங்கினார். நான் கண்ணை மூடிக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன். வீட்டுக்காக வேண்டினார், பிள்ளைகளுக்காக வேண்டினார். இவர்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும் ஆண்டவரே என்று சொல்லி, அடுத்த வாக்கியத்துக்காக மூச்சு எடுத்தார்.

“ஆமென்” என்றாள் என் மனைவி.

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போதகர் இன்னும் முடிக்கவே இல்லை.