கற்பூர எண்ணெய்

எங்கள் நாய் ஜிம்மி போன பிறகு வீட்டில் கற்பூரம் ஏற்றுவதில்லை. சிதம்பரத்தில், அதுவும் தெற்கு வீதியை ஒட்டிக் குடியிருந்துகொண்டு கற்பூர வாசனை ஆகாது என்றால் எங்கே போவது? வீதியில் சாமி வந்து தீபாராதனை காட்டும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் ஞானசேகரன் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார். "கூடத்துல நகம் பிராண்டுற சத்தம் கேக்குதா, பவானி?" என்பார். இல்லை என்பேன். எனக்கும் கேட்கும்.

ஜிம்மிக்கு உண்ணி ஜாஸ்தியானபோது டாக்டரிடம் போகலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். இவர் கேட்டால்தானே. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துத் தடவினால் போதும் என்று டீக்கடையில் எவனோ சொன்னானாம். சாமிக்குக் காட்டுகிற பொருள் என்ன செய்துவிடும் என்று உடம்பு முழுக்கத் தேய்த்தார். தேய்த்த கையோடு கடலூரில் இருக்கும் எங்கள் மகள் இளமதிக்குப் போன் போட்டு, உண்ணியெல்லாம் உதிர்ந்துவிட்டது என்று பெருமை வேறு. அவள் வளர்க்கும் பப்லு, ஜிம்மியோடு கூடப் பிறந்தது.

ஜிம்மி அந்த எண்ணெயை நக்கிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வாந்தி எடுத்தது. பிறகு நான்கு காலும் வெட்டி வெட்டி இழுத்துத் தரையைப் பிராண்டியது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். கற்பூரம் நாய்க்கு விஷம், தோல் வழியாகவே உள்ளே இறங்கும், நக்கினால் இன்னும் மோசம் என்றார் டாக்டர். இவர் கையிலேயே உயிர் போய்விட்டது.

மகளிடம் இவர் என்ன சொன்னார் தெரியுமா? பஸ்ஸில் அடிபட்டுச் செத்துப்போச்சு என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை இளமதி போன் செய்தாள். இவர் ஸ்பீக்கரில் போட்டார். பப்லுவுக்கும் உண்ணியாம்.

"நீங்க சொன்ன எண்ணெயத்தான்ப்பா காலையில தடவுனேன். ஜிம்மிக்கு நல்லா கேட்டுச்சுன்னு சொன்னீங்கல்ல."

அப்போது அந்தச் சத்தம் கேட்டது, சிமென்ட் தரையில் நகம் பிராண்டும் சத்தம். இவர் வழக்கம்போல ஜன்னலைச் சாத்த எழுந்தார். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

"அப்பா, இவன் ஏம்ப்பா இப்புடி இழுக்குறான்?"

சத்தம் போனிலிருந்துதான் வந்தது. நான் போனைப் பிடுங்குவதற்குள் இவரே சொல்லிவிட்டார்.

"ஜிம்மி பஸ்ல அடிபடலம்மா. அந்த எண்ணெயாலதான் செத்துது. சீக்கிரம் டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ."

இளமதி ஆட்டோவுக்காகக் கத்திக்கொண்டே வெளியே ஓடினாள். போன் தரையிலேயே கிடந்தது போலிருக்கிறது. நகச் சத்தம் எங்கள் கூடம் முழுக்கக் கேட்டது. ஆட்டோ வருவதற்கு முன்பே அது நின்றுவிட்டது. பிறகு அவள் அழுகிற சத்தம் வந்தது.

அதற்குப் பிறகு அவள் எங்களோடு பேசவில்லை. நேற்று வீதியில் தீபாராதனை காட்டினார்கள். இவர் எழுந்திருக்கவும் இல்லை, சத்தம் கேட்கிறதா என்று என்னைக் கேட்கவும் இல்லை.