வார்னிஷ் அடிக்காத வேகன்

தூசியைப் பூசிவிட எவனாலும் முடியும். பூசிய தூசியைத் தூசியாகவே இருக்க விடுவதற்குத்தான் ஒரு பிறவி வேண்டும். அப்படிப்பட்ட பிறவி இன்றைய தேதிக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பதைக் கண்ணாடிக்கடைக்காரர், தற்பெருமை துளியும் இல்லாமல், வானிலை அறிக்கை வாசிப்பவரைப் போல, சின்னஞ்சிறு மாதிரி ரயில்கள் செய்வோர் சங்கத்தில் அறிவித்தார். சங்கத்தில் மொத்தம் ஆறு பேர். அன்று வந்திருந்தது நான்கு. அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து ஊரார் மூக்குக்கண்ணாடிகளைத் தூசி துடைத்துக் கொடுப்பது அவர் தொழில். சாயங்காலம் வீட்டுக்குப் போய், புத்தம்புது ரயில்களை அழுக்காக்குவது அவர் வாழ்க்கை. உள்ளங்கை நீள வேகன் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, கீலுக்குக் கீழே துருப்பொடி, சக்கரத்துக்கு மேலே செம்பழுப்புப் பொடி, எஞ்சின் கூரையில் கரிப்பொடி என்று மெல்லிய தூரிகையால் தடவித் தடவி, முப்பது வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்த வண்டியாக்கிவிடுவார். இதுவரை எல்லாரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் கடைசியில் மேலே வார்னிஷ் அடித்துவிடுவார்கள். அடித்தால் பொடி பிடித்துக்கொள்ளும். கை பட்டாலும் போகாது. கண்ணாடிக்கடைக்காரர் அடிக்க மாட்டார்.

“வார்னிஷ் பட்டா தூசி செத்துப்போகும்” என்றார் சங்கத்தில். “அப்புறம் அது தூசி இல்ல, பெயின்ட்.”

சங்கச் செயலாளர் பல்டாக்டர். அவருடைய வண்டி ஒவ்வொன்றும் மூன்று கோட்டிங் வாங்கியது.

“நீங்க அடிப்பீங்க டாக்டர். பல்லுக்கும் பூச்சு, வேகனுக்கும் பூச்சு. கொஞ்சம் விட்டா எஞ்சினுக்குக் கம்பி கட்டி நேராக்கிடுவீங்க.”

“சரி சார், ஆனா உங்க வண்டிய யாருமே தொட முடியாதே?”

“தொடறதுக்கு எதுக்கு சார் ரயிலு? நாய்க்குட்டி வாங்கிக்கச் சொல்லுங்க.”

பல்டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடிக்கடைக்காரரின் பிறந்தநாளுக்கு ஒரு வார்னிஷ் ஸ்ப்ரே டப்பாவை ரிப்பன் கட்டிக் கொடுத்தார். அது சமையலறை ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கப் பயன்பட்டது. ரிப்பனைக்கூட அவிழ்க்கவில்லை.

தொட முடியாத நூற்றுப் பதினான்கு வண்டிகளோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை. முன்னறையில் மின்விசிறி போடக் கூடாது, பொடி பறந்துவிடும். தும்மல் வந்தால் வாசலுக்கு ஓட வேண்டும். மூன்று நாற்காலிகளில் இரண்டின் மேல் எஞ்சின்கள். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை சர்க்கரை கேட்டு வந்து, வியர்த்து விறுவிறுத்து, நிலைப்படியிலிருந்தே திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் சர்க்கரை தீர்ந்ததே இல்லை போலிருக்கிறது.

வருகிறவள் அக்கா ஒருத்திதான். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், பஸ் மாறி வருவாள். வீட்டில் இரண்டாவது டம்ளர் ஒன்று இருந்ததற்கு அவள்தான் காரணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். ஒரு போர்வை வாங்கி வந்திருந்தாள்.

“எதுக்குக்கா? நல்லா இருக்கறதே ரெண்டு கிடக்கு.”

“கிடக்கட்டும். டேய், விசிறியப் போடேன், புழுங்குது.”

“அது முடியாதுக்கா. உனக்குத்தான் தெரியுமே.”

அவர் டீ போட உள்ளே போனார். திரும்பி வந்தபோது அக்கா அலமாரி அருகே நின்றுகொண்டிருந்தாள். கையில் நிலக்கரி வேகன். அடுத்த மாதக் கண்காட்சிக்கென்று ஏழு வாரம் உட்கார்ந்து தூசி ஏற்றிய வேகன். அதன் பக்கவாட்டில் அக்காவின் கட்டைவிரல் அழுந்தியிருந்தது.

“என் பெரிய பையன் அவன்கிட்ட வந்துடச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்டா” என்றாள் வேகனைப் பார்த்தபடி. “நானும் எத்தனை நாள்தான்...”

“கீழ வை.”

“வியாழக்கிழமை கிளம்பறேன். இங்க இருந்த என் வீட்டையும் காலி பண்ணிட்டேன். இனிமே அங்கதான்.”

“அக்கா, முதல்ல கீழ வை!”

“ஊரை விட்டே போறேன்னு சொல்றேன், நீ வண்டிய வைங்கறியே.”

“வைக்கறதும் மெதுவா! அடியில பிடிச்சு! ஐயோ, தேய்க்காத!”

அக்கா வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். கட்டைவிரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். டீயைக் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். “பத்தரை மணி வண்டி. முடிஞ்சா வா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் சொன்னது கண்ணாடிக்கடைக்காரரின் காதில் அப்போதே விழுந்துவிட்டது. உள்ளே போய்ச் சேரத்தான் அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவர் பொடிகளைத் திறந்து, தூரிகையை எடுத்து, மேஜை விளக்கை இழுத்து வைத்திருந்தார். அரை நிமிஷ வேலை. கரிப்பொடியில் ஒரு தொடுதல், சாம்பலில் ஒரு தொடுதல், விரல் வந்த சுவடே இருக்காது.

கடையில் கீறல் பார்க்கும் உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தார். ரேகை ரேகையாய் விழுந்திருந்தது. நடுவே குறுக்காக ஒரு கோடு. அந்தக் கோடு அவருக்குத் தெரியும். அவருக்கு ஐந்து வயதிருக்கும்போது, ஏதோ சண்டையில், அக்காவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். கட்டைவிரல் உள்ளே இருந்தது.

தூரிகையை வைத்துவிட்டார். கண் வலிக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். திங்கள் கடையில் கூட்டம். செவ்வாய் வெளிச்சம் சரியில்லை. புதன் வெளிச்சம் பிரமாதமாக இருந்தது. அன்று தூரிகையைக் காணவில்லை. அது மேஜை மேல்தான் இருந்தது.

வியாழக்கிழமை கடையைத் திறக்காமல் ஸ்டேஷனுக்குப் போனார். அக்கா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவருக்கும் சேர்த்து இடம் விட்டு ஒதுங்கினாள். என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நல்லவேளையாக அடுத்த தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது.

“உன் ஆளுங்க வந்திருக்காங்க பாரு” என்றாள் அக்கா.

அவர் பார்த்தார். துரு சரியான இடத்தில் இருந்தது. தூசியும் சரியான இடத்தில்தான். பரீட்சைத்தாள் திருத்துகிறவரைப் போலத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், மூன்றாவது வேகனில் நின்றார்.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல.”

“கையா?” அக்கா சிரித்தாள். “நானும் அதத்தான் பாக்கறேன். கதவுகிட்ட பாரு, ஏணிகிட்ட பாரு. எத்தனை பேரு பிடிச்சிருக்காங்க! இவங்க ஒருத்தன்கிட்டயும் யாரும் கத்தலையா?”

“அவங்கள்லாம் வேலை செய்யறவங்கக்கா.”

“நான் மட்டும் என்ன, திருடவா வந்தேன்?”

அவர் மற்ற வேகன்களையும் பார்த்தார். ஒவ்வொரு வேகனின் தூசியிலும் கைகள் பதிந்திருந்தன; விரல் விரித்த கை, வழுக்கிய கை, ஏறும்போது ஊன்றிய கை. நூற்றுப் பதினான்கு வண்டிகளை அழுக்காக்கியவர், ஒன்றில்கூட ஒரு கையை வைத்ததில்லை.

பத்தரை மணி வண்டி பத்தே முக்காலுக்கு வந்தது. அந்தக் கால் மணி நேரத்தையும் இருவரும் வீணாக்கினார்கள். பெட்டியை ஏற்றிக் கொடுத்தார். ஜன்னல் வழியாக அக்கா, “விசிறியாவது போட்டுக்கடா” என்றாள். அவர், “போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு” என்றார். வண்டி நகர்ந்ததும் கையைத் தூக்கினார். கொஞ்சம் தாமதமாகத் தூக்கினார். அக்கா பார்த்தாளா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். உள்ளே அனலாக இருந்தது. கவிழ்த்த டம்ளர் கவிழ்த்தபடியே இருந்தது. கண்காட்சிக்குப் பேர் கொடுக்கச் சொல்லிப் பல்டாக்டர் இரண்டு முறை போன் செய்திருந்தார். திருப்பிக் கூப்பிட்டு, “இந்த வருஷம் நான் வரல டாக்டர்” என்றார்.

“ஏன் சார், வேகன் முடியலையா?”

“முடிஞ்சிடுச்சு.” சமையலறை ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “டாக்டர், எவ்வளவு தூரத்துல பிடிக்கணும்?” என்றார்.

“எத?”

“சும்மா கேட்டேன்” என்று போனை வைத்துவிட்டார்.

ஜன்னலிலிருந்து டப்பாவை எடுத்தார். ஜன்னல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ரிப்பனை அவிழ்த்து, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டப்பாவில் எழுதியிருந்ததை, கடையில் கடைசி வரி எழுத்தை வாசிக்கத் திணறும் கிழவர்களைப் போல, தூர வைத்தும் கிட்ட வைத்தும் வாசித்தார். ஒரு முழம் தள்ளிப் பிடிக்கவும். காற்றோட்டமான இடத்தில் உபயோகிக்கவும்.

வேகனை அடியில் பிடித்து வாசலுக்கு எடுத்துப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் தம் வாசலிலிருந்து பார்த்தார்.

“என்ன சார், பெயின்டா?”

“இல்ல. வார்னிஷ்” என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

கட்டைவிரல் பதிந்த பக்கத்தை மேலே திருப்பி வைத்து, ஒரு முழம் தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தார். காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு இரண்டாவது கோட்டிங் அடித்தார்.