அருவிக்காரர்களின் எழுத்து

சசிரேகா எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையில் ஒரு ஊர் இருந்தது. மாபெரும் அருவி ஒன்றின் பின்னால், பாறைக் குடைவுகளுக்குள் அந்த ஊர். எந்நேரமும் தண்ணீர் விழும் இரைச்சலில் அங்கே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அந்த மக்களுக்கென்று அவள் ஒரு எழுத்தை உருவாக்கியிருந்தாள். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் அந்த எழுத்தில் ஒரு வரி வரைந்து, படம் பிடித்து, கைபேசிச் செயலியில் கதையோடு சேர்த்துப் போடுவாள். வீடு வாலாஜாபாத். வேலை சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில். கம்பெனி பஸ் ஓடும் நேரம்தான் அவள் எழுதும் நேரம்.

"அந்த வரிகளுக்கு என்ன அர்த்தம்?" என்று வாசகர்கள் கேட்பார்கள். "கதை முடியும்போது சொல்கிறேன்" என்று பதில் போடுவாள்.

இனியவன் என்ற கோயம்புத்தூர் வாசகனுக்கு அதுவரை பொறுமை இல்லை. எல்லா வரிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, எந்தக் குறி அதிகம் வருகிறது என்று பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மொத்த எழுத்தின் புதிரையும் அவிழ்த்துவிட்டான். அத்தனை வரிகளையும் தமிழில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி போட்டான். கீழே இப்படி எழுதியிருந்தான்: "இது புதிய எழுத்து இல்லை. தமிழுக்கு வேஷம் போட்டிருக்கிறீர்கள். ககரத்துக்கு வட்டம், மகரத்துக்கு முக்கோணம், அவ்வளவுதான். பேச்சே கேட்காத ஊரில் ஒலிக்கு எதற்கு எழுத்து?"

சசிரேகா இதைப் பஸ்ஸில்தான் படித்தாள். அவனைத் தன் பக்கத்துக்கே வராதபடி தடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி அவளை விடவில்லை. பஸ் தொழிற்சாலைக்குள் திரும்பியபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவன் சொன்னது சரி. ஊரைக் கட்டிவிட்டு, அந்த ஊர்க்காரர்கள் எப்படி வாழ்வார்கள் என்று அவள் யோசிக்கவே இல்லை. இறங்குவதற்கு முன் பதில் போட்டாள்: "எழுத்தை மாற்றப்போகிறேன். அதுவரை கதை நிற்கும்."

எப்படி மாற்றுவது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

லைனில் அவளுக்கு எதிரே நிற்பவள் இந்திராணி. சுங்குவார்சத்திரத்தை அடுத்த கிராமத்துக்காரி, வயதில் மூத்தவள், கதை, புத்தகம் எதிலும் நாட்டம் இல்லாதவள். நடுவே கன்வேயர் ஓடும். இருவர் வாயிலும் மாஸ்க். கம்ப்ரசர் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் இருவரும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். சூப்பர்வைசர் வருகிறார், டீ நேரம் ஆச்சு, முதுகு வலிக்கிறது, எல்லாம் கைதான்.

அன்றைக்கு இந்திராணி தன் மார்புப் பக்கமிருந்து கையைக் குவித்து எதிரே நீட்டி விரித்தாள். சசிரேகா கையில் இருந்த சர்க்யூட் போர்டை வைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேன்டீனில் கேட்டாள். "அக்கா, லைன்ல இன்னா சொன்ன?"

"கருவாட்டுக் கொழம்பு எடுத்தாந்தேன், உனக்கும் கீதுன்னு சொன்னேன். ஏன்?"

"கை ஒரு தபாதான் அசைஞ்சுது. அதுலயே நீ, நான், குடுக்கறது மூணும் வந்துட்டுது பாரு."

"அதுக்கு இன்னா இப்போ? சோத்தைத் துன்னு."

சசிரேகா டிஷ்யூ பேப்பரை இழுத்து வரைந்தாள். உள்ளங்கைக்கு ஒரு வளைவு. விரல்களுக்குக் கோடுகள். கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஒரு வால். நான் என்பது கீழே, எதிரே நிற்பவர் மேலே. வால் கீழிருந்து மேலே போனால் கொடுப்பது. மேலிருந்து கீழே வந்தால் வாங்குவது. அருவிக்காரர்கள் ஒலியை எழுத மாட்டார்கள், கையை எழுதுவார்கள்.

பிறகு ஒவ்வொரு சாப்பாட்டு நேரமும் அதே வேலை. சசிரேகா வரைவாள், இந்திராணி தன் கையை அதுபோல அசைத்துப் பார்த்துப் பொருள் சொல்வாள். தப்பாகச் சொன்னால் குறியை மாற்றுவார்கள். இந்திராணி சுலபத்தில் ஒப்புக்கொள்ளும் ஆள் இல்லை.

"வா-ன்னு கீது, சரி. ஆசையா கூப்புட்றாளா, கடுப்புல கூப்புட்றாளா? அது எங்க?"

அதற்காகக் கோட்டின் தடிமனை மாற்றினாள். அழுத்திப் போட்டால் கோபம். மெலிதாகப் போட்டால் கெஞ்சல். இந்திராணி பார்த்துவிட்டு, "இப்போ எங்க மாமியார் கூப்புட்ற மாதிரியே கீது" என்றாள்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, கேட் சோதனையில் சசிரேகாவின் பையிலிருந்து கேன்டீனில் வரைந்த டிஷ்யூ தாள் ஒன்று கிடைத்தது. குப்பையில் போட மறந்திருந்தாள். செக்யூரிட்டி வனமாமலை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது? தமிழும் இல்ல, இங்கிலீசும் இல்ல."

"கதைக்கு எழுதுனது சார்."

"உள்ளேருந்து ஒரு ஸ்க்ரூ வெளிய போனாலே என் சட்டையைப் பிடிப்பாவ. ஆபீஸ்ல காட்டாம விட முடியாதும்மா, தப்பா நினைக்காத."

பாதுகாப்புப் பிரிவு மேனேஜர் தணிகாசலம் அவளை உட்காரச் சொன்னார். அதட்டவில்லை.

"இங்க ஓடுறது இன்னும் மார்க்கெட்டுக்கே வராத மாடல். உனக்கே தெரியும். இதுல என்ன எழுதியிருக்க, படி."

சசிரேகா படித்தாள். "தண்ணிக்கு அந்தப் பக்கம் அம்மா நிக்கிறா. வராதேன்னு கை காட்டுறா. பொண்ணு நடந்துகிட்டே இருக்கா."

"இதை யார் வேணா சொல்லலாமே."

"லைன்ல எனக்கு எதிர்ல இந்திராணின்னு ஒரு அக்கா இருக்காங்க. என்னை வெளிய அனுப்பிட்டு அவங்களைக் கேளுங்க சார்."

கேட்டார். இந்திராணி தாளைப் பார்த்துக் கையை ஒருமுறை அசைத்துவிட்டுச் சொன்னாள். "ஒரு பொம்பள அக்கரையில நின்னுகினு பொண்ணைத் திரும்பிப் போ-ன்றா. அது கேக்கல, வந்துகினே கீது. அடங்காத பொண்ணு சார்."

சசிரேகாவை மறுபடி உள்ளே கூப்பிட்டார். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லலையே."

"அதுல வார்த்தையே கிடையாது சார். கைதான். படிக்கிறவங்க அவங்கவங்க வார்த்தையில சொல்லிப்பாங்க. நீங்களே ஏதாவது சொல்லுங்க, நான் எழுதறேன், அக்கா படிக்கட்டும்."

இந்திராணி வெளியே போனாள். தணிகாசலம் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "என் பொண்ணு வெளியூர் போய்ப் படிக்கணும்ங்கிறா. நான் இன்னும் சரின்னு சொல்லல."

படிப்புக்கும் வெளியூருக்கும் அருவிக்காரர்களிடம் குறி இல்லை. சசிரேகா யோசித்து ஒரு வரி வரைந்தாள். இந்திராணி வந்து பார்த்தாள். கையை அசைத்தாள். இன்னொரு தரம் அசைத்தாள்.

"அப்பன் பொண்ணு கையைப் புடிச்சிகினு கீறாரு. அது வேற பக்கம் பாத்துகினு கீது. அவருக்கு விட மனசு வரல."

சசிரேகாவுக்கு மனம் துள்ளியது. எழுத்து தேறிவிட்டது. முதல் முறையாக, கதைக்கு வெளியே இருக்கும் ஒருவரின் பேச்சை அது தாங்கிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டது.

தணிகாசலம் தாளை மடித்தார். "நல்லா வேலை செய்யுதும்மா. அதுதான் பிரச்சினை. சும்மா கிறுக்கலா இருந்தா கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போன்னு சொல்லியிருப்பேன். இதுல எதை வேணா எழுதி வெளிய கொண்டுபோகலாம். எனக்குப் படிக்கத் தெரியாது."

மறுநாள் ஒரு உறுதிமொழித் தாளை நீட்டினார்கள். கம்பெனிக்கு உள்ளேயும் வெளியேயும் இந்த எழுத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று அதில் இருந்தது. சசிரேகா 'வெளியேயும்' என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"உள்ள ஒரு கோடுகூடப் போட மாட்டேன் சார். வெளிய எழுதாதேன்னா முடியாது."

"மேல இருக்கிறவங்க இதை ஏத்துக்க மாட்டாங்க. வேலை போயிடும்."

"தெரியும் சார்."

அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. யாரும் புதுப்பிக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் இந்திராணி கோபமாக நின்றாள்.

"எதையும் அடிக்காம கையெழுத்து போட்டா இன்னா கொறைஞ்சு போயிருப்ப?"

"போட்டுட்டு வூட்ல திருட்டுத்தனமா எழுதணும்க்கா. ஒவ்வொரு அத்தியாயம் போடும்போதும் யாராவது பாத்துடுவாங்களோன்னு இருக்கும். அப்படி எழுதறதுக்கு எழுதாமயே இருக்கலாம்."

"எழுதாம இருப்பியா?"

"மாட்டேன்."

இந்திராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஞாயித்துக்கெழமை வூட்டுக்கு வா. அந்தப் பொண்ணு ஆத்துல எறங்கற எடத்தைச் சரி பண்ணணும். அது தண்ணில நடக்கற மாதிரி இல்ல, ரோட்ல நடக்கற மாதிரி கீது."

பல இடங்களில் ஏறி இறங்கி, கடைசியில் வல்லம் வடகாலில் கார் சீட் தைக்கும் தொழிற்சாலையில் சசிரேகாவுக்கு வேலை கிடைத்தது. முந்தைய வேலை ஏன் போனது என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னாள். கேட்டவர் நம்பினாரோ என்னவோ, தையல் தெரியுமா என்று மட்டும் அடுத்துக் கேட்டார்.

வேலையில் சேர்ந்த வாரமே கதையைத் திரும்பத் தொடங்கினாள். வெளியிலிருந்து அருவி ஊருக்கு வந்து சேரும் ஒரு கொல்லனைக் கதைக்குள் கொண்டுவந்தாள். அவன் ஒவ்வொரு குறியாகக் கற்றுக்கொள்ளும்போது வாசகர்களும் கற்றுக்கொண்டார்கள். இனியவன் பழைய வழியிலேயே எண்ணிப் பார்த்துவிட்டு, "எதுவும் பிடிபடவில்லை" என்று எழுதினான். "எண்ணாதீர்கள், கையை அசையுங்கள்" என்று பதில் போட்டாள். சில அத்தியாயங்கள் கழித்து அவன் ஒரு வரியைச் சரியாகப் படித்தான். வேறொன்றும் எழுதவில்லை, பொருளை மட்டும் எழுதியிருந்தான்.

ஆற்றைக் கடக்கும் அத்தியாயத்தின் கடைசி வரியை எழுத்தில் மட்டும் போட்டாள். கீழே தமிழ் தரவில்லை. புரியவில்லை என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். அவள் அசையவில்லை. மெல்ல மெல்ல ஆட்கள் தங்கள் வார்த்தையில் எழுதத் தொடங்கினார்கள். 'மகள் தாயைத் தொட்டாள்.' 'பொண்ணு அம்மா கையைப் புடிச்சிருச்சு.' 'கிட்டப் போய்ட்டா, இனிமே விடமாட்டா.'

காரைக்காலிலிருந்து ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். "மகள் வரவில்லை. தாய்தான் பொறுக்க முடியாமல் தண்ணீரில் இறங்கிவிட்டாள்."

சசிரேகா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கையை அசைத்தாள். தாய் நிற்கும் பக்கமிருந்து படித்தால் அப்படியும் வந்தது. அவள் நினைத்தது அது இல்லை. ஆனால் வரைந்திருந்ததில் அதுவும் இருந்தது. வீடு திரும்பும் பஸ் வல்லத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அடுத்த அத்தியாயத்துக்காக முன்பே யோசித்து வைத்திருந்ததை அழித்துவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் வரும் தாயிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.