அப்போது எடுக்காத வீடியோ

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் மருமகளுக்கு அந்த வாய்தான் இல்லை, கை உண்டு. அவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தில் விழுந்த என் வீட்டுக்காரரைத் தூக்கி நிறுத்தி நடக்க வைத்தது அந்தக் கைதான். அதற்காக ஆஸ்பத்திரி வேலையை விட்டாள். அவர் தன் காலில் நிற்பதற்குள் அங்கே அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

சரி, இனி வீடு வீடாகப் போய்ச் சொந்தமாகச் செய்யலாம் என்று முடிவெடுத்தாள். இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? இணையத்தில் விளம்பரம் செய்வதே பிழைப்பாக இருக்கும் என் சின்ன மகன் அவளுக்கு ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தான். கழுத்து வலி, தோள்பட்டை வலி என்று அவளும் பேசிப் பேசிப் போட்டாள். கேமராவைப் பார்த்தால் போதும், திருதிருவென்று முழிப்பாள். லைக் போட்டவர்களில் பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் அவள் சொந்தக்காரர்கள்.

இதற்கிடையில் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்று அவளைக் கூப்பிட்டது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் எப்போதாவதுதான் வீட்டுக்கு வர முடியும். பெரிய மகன் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். எனக்கும் அவளை அனுப்பத் துளிகூட மனமில்லை. மாமியார் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவன் ஆரம்பித்தான்.

"அண்ணி, வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்க. அப்பாவைப் போடுங்க. முன்னாடி எப்படி இருந்தார், இப்ப எப்படி நடக்கறார், ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல போட்டா மறுநாளே போன் அடிக்கும்."

"முன்னாடி வீடியோ எதுவும் எடுக்கலையே."

"ஒண்ணுகூடவா?"

"தோணல."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் ரப்பர் பந்தைக் கைக்குள் வைத்து அழுத்தியபடி கேட்டுக்கொண்டிருந்தார். வாயே திறக்கவில்லை. அவர் வாய் திறக்காவிட்டால் உள்ளே ஏதோ திட்டம் ஓடுகிறது என்று அர்த்தம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மறுநாள் தண்ணீர் வரவில்லை என்று மதியமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கதவைத் திறந்தேன்.

ஹாலில், அவருக்காகச் சுவரில் அடித்த கம்பியைப் பிடித்தபடி அவர். வலது கை மார்போடு மடங்கி, விரல்கள் சுருண்டிருந்தன. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது.

எனக்கு உயிரே இல்லை. "ஐயோ, மறுபடியுமா!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். வாயும் நேரானது. "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல. நடிப்பு. வீடியோவுக்கு."

அப்போதுதான் மூலையில் போனோடு நின்ற மருமகளைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

ஓடிப்போய் அவர் தோளில் நாலு போட்டேன். பிறகு அதே தோளில் சாய்ந்து அழுதேன். "ஆபீஸ் நாடகத்துல பொணமா படுத்ததுதான் உங்க மொத்த அனுபவம். இது மட்டும் எப்படி இப்படி வந்துச்சு?"

"நான் எங்க நடிச்சேன்? ஞாபகப்படுத்திக்கிட்டேன்" என்றார். சுருண்ட விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டுக்கொண்டார்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் அத்தை. மாமா கேக்கல."

"எனக்காக அவ வேலையையே விட்டா. அவளுக்காக நான் கொஞ்ச நேரம் நொண்டக்கூடாதா?"

மருமகள் எங்கள் கண் முன்னாலேயே அந்த வீடியோவை அழித்தாள். "இப்படி ஒரு பொழப்பு வேணாம் மாமா. நான் அந்த ஊருக்கே போறேன்" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"அந்தப் போனை இங்க குடு. எதை அமுக்கணும்னு மட்டும் சொல்லு" என்றேன். "நீங்க நடங்க. ஒழுங்கா, இப்ப நடக்கிற மாதிரி."

அவர் கம்பியை விட்டுவிட்டு நடந்தார். நான் பேசினேன்.

"இவர் என் வீட்டுக்காரர். படுத்த படுக்கையா கெடந்தார். இப்ப நடக்கறார், பாத்துக்கோங்க. பழைய வீடியோ எங்கன்னு கேப்பீங்க. கிடையாது. அப்பல்லாம் எங்க மருமக ரெண்டு கையாலயும் இவரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. போனைப் பிடிக்க அவளுக்குக் கை ஏது?"

சின்னவன் சாயங்காலம் பார்த்துவிட்டு, படம் ஆடுகிறது, பாதி நேரம் உன் விரல்தான் தெரிகிறது என்று குறை சொன்னான். கண்ணைத் துடைத்துக்கொண்டே அப்படியே போட்டான்.

மறுநாள் காலை மருமகளின் போன் அடித்தது. யாரோ ஒரு பெண், அழுகிற குரல். "எங்க அப்பா விழுந்துட்டார். அந்த ரெண்டு கைக்காரம்மா நீங்கதானா?"

மருமகள் என்னைத் திருதிருவென்று பார்த்தாள்.

"எங்கன்னு நீங்க கேட்டுச் சொல்லுங்க அத்தை" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கிளம்புவதற்காகக் கை கழுவப் போனாள்.