சராசரிக்குள் போன வீரமலை

வெள்ளிக்கிழமைதோறும் சர்வருக்குப் பூஜை போடுகிற மருத்துவமனை திருச்சியில் வேறு எங்காவது இருக்கிறதா தெரியாது. மைத்ரேயி வேலை பார்த்த இடத்தில் தவறாமல் நடக்கும். நிர்வாக மேலாளர் கோவர்தனுக்கு அதில் அசைக்க முடியாத நம்பிக்கை. பத்து மணிக்கு இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், தலையில் ஒரு முழம் கதம்பம். சூடத்தை மட்டும் கதவுக்கு வெளியே காட்ட வேண்டும் என்று மைத்ரேயி சண்டை போட்டு ஜெயித்திருந்தாள். அப்புறம், ராகு காலம் பிறப்பதற்குள் சர்வரை அணைத்துப் போட வேண்டும். "மிஷினுக்கும் வாரம் ஒருநாள் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க வேணாமா?" என்பார். அந்த மருத்துவமனையின் டேட்டாபேஸோடு ஆறு வருடமாக மாரடிக்கிறவள் மைத்ரேயி. இதில் கெடுதல் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை, மண்ணச்சநல்லூர் பக்கத்து விவசாயி வீரமலை வார்டில் இறந்துபோனார். ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தெரிந்திருந்தால் ஊசி போட்டு இறக்கியிருக்கலாம். லேபின் முடிவு வார்டுத் திரைக்கு வந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. உயிர் அதற்கு முன்பே போய்விட்டது. சோதனை முடிந்ததோ எட்டரைக்கு முன்னால். நடுவில் இருந்த நேரம் எங்கே போனது என்பதுதான் விசாரணை.

லேப் டெக்னீஷியன் மலர்க்கொடி அரியமங்கலத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "சேவ் அமுக்கிட்டேன் சார். வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. எப்பவும் கொஞ்சம் சுத்தும், அப்புறம் போயிடும். அதான் அடுத்த சாம்பிளை எடுத்தேன்" என்றாள். ஆனால் முடிவு பதிவானதாகக் கம்ப்யூட்டர் காட்டிய நேரம் ஒன்பதுக்கு மேல். மறந்துவிட்டு அப்புறம் போட்டிருக்கிறாள் என்றது விசாரணைக் குழு. ஒப்புக்கு மைத்ரேயியையும் கேட்டார்கள்: அன்றைக்கு சர்வர் மெதுவாக இருந்ததா?

அவள் பார்த்தாள். சர்வர் தன் வேலையைத் தானே எண்ணி வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வேலையும் எத்தனை தடவை நடந்தது, சராசரியாக எவ்வளவு நேரம் பிடித்தது, அதிகபட்சம் எவ்வளவு, வேறொரு வேலை வழிவிடுவதற்காக எவ்வளவு காத்துக் கிடந்தது என்று நீளமான அட்டவணை. மைத்ரேயியின் கண் பழக்கதோஷத்தில் சராசரியில் போய் நின்றது. கண் சிமிட்டுவதற்குள் முடிகிற வேகம். 'சர்வரில் தாமதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாளே மலர்க்கொடியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். போலீசுக்குப் போகும் என்றும் பேச்சு அடிபட்டது.

சராசரி ரொம்ப நல்ல பிள்ளை, யாரையும் காட்டிக் கொடுக்காது. அது மைத்ரேயிக்கு உறைத்தது வியாழக்கிழமை சாயங்காலம், ஸ்ரீரங்கத்தில், அவள் குடியிருந்த ஃப்ளாட்டின் மாடிப்படியில். கீழ்வீட்டு வத்ஸலா மாமியின் வாசலில் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்.

"கால் மணியில பெருமாளைச் சேவிச்சுட்டு வந்துடலாம்னு சொன்னேளே மாமி! நேத்திக்கு ஆறு மணி நேரம் நின்னோம். இவளுக்கு மயக்கமே வந்துடுத்து!"

"வருஷம் பூரா பாத்தா கால் மணிதான் ஆகும். நேத்திக்கு வைகுண்ட ஏகாதசின்னா? அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றாள் மாமி.

மைத்ரேயி படியிலேயே நின்றுவிட்டாள். போன வெள்ளிக்கிழமை போட்டதிலிருந்து சர்வர் எண்ணிக்கொண்டிருக்கிறது. லட்சக்கணக்கான சேவ். அத்தனையும் நொடிக்குள் முடிந்தவை. அவற்றோடு ஒரே ஒருவனின் முக்கால் மணி நேரத்தைக் கலந்தால் என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. பக்கத்திலேயே இருந்தது அதிகபட்சம். அவள் அதைப் பார்க்கவே இல்லை. இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. திங்கட்கிழமை காலை டைரக்டர் அறையிலிருந்து வருஷ அறிக்கை கேட்டார்கள். அது ஓடி முடிகிறவரை லேப் முடிவுகளை யாரும் எழுத முடியாது. எழுத வந்தவை எல்லாம் வரிசையில் நிற்கும். வரிசை நகர்ந்த பிறகுதான் பதிவான நேரம் விழும். மலர்க்கொடி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

வீட்டிலிருந்து சர்வருக்குள் நுழைய அனுமதி கிடையாது. அந்த எண்கள் சர்வரின் நினைவில் மட்டும்தான் இருக்கும். அணைத்துப் போட்டால் அழிந்துபோகும். அவற்றைத் தனியே சேமித்து வைக்க ஏற்பாடு வேண்டும் என்று ஒருமுறை கேட்டிருந்தாள், கேட்டதோடு சரி. உடனே கோவர்தனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். டைரக்டரின் அறிக்கையையும் விடவில்லை.

"நாளைக்கு மட்டும் ரீஸ்டார்ட் வேண்டாம் சார். நான் வந்து பார்த்துடறேன்."

"சரிம்மா. வா, பேசிக்கலாம்."

அவர் நல்ல மனிதர். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் சாப்பாடு அனுப்பியவர். நம்பிப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் ஓட்டமும் நடையுமாகப் போனாள். சர்வர் அறைக் கதவைத் திறக்கும்போதே சூடம் வாசனை. இயந்திரத்தின் மேல் கதம்பம். சந்தனமும் குங்குமமும் புதுசு. உட்கார்ந்து அட்டவணையைத் திறந்தாள். கணக்கு அன்று காலை ஏழரையிலிருந்து ஆரம்பித்தது. வீரமலை அதில் இல்லை.

கோவர்தன் கையில் விபூதியோடு உள்ளே வந்தார்.

"பூஜை பத்து மணிக்குத்தானே சார்? நேத்து அவ்வளவு சொன்னேனே?"

"சொன்னதனாலதாம்மா." அவர் குரலில் கோபம் இல்லை. "டைரக்டர் மேல பழி போனா இந்த ஆஸ்பத்திரியை மூட வேண்டியதுதான். அதுக்கு முன்னாடி உன் மேல வரும். தாமதம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டது நீ. உனக்கும் குழந்தை இருக்கு. உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"அந்தப் பொண்ணு?"

"சின்ன வயசு. வேற வேலை கிடைக்கும்."

"நான் எழுதினது தப்புன்னு எழுதித் தரேன் சார்."

"தாராளமா எழுதிக் குடு. எந்த நம்பரை வச்சு எழுதுவ?"

விபூதித் தட்டை நீட்டினார். அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் போய்விட்டார்.

வெள்ளைத் தாளை எடுத்து 'என் அறிக்கை தவறு' என்று எழுதினாள். அடுத்த வரி ஓடவில்லை. அவள் வேலையில் எண்ணைப் பார்க்காமல் ஒரு வாக்கியம் எழுதியதே கிடையாது. அப்போது வாசலில் மலர்க்கொடி வந்து நின்றாள், அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, நேத்து அந்த வீரமலை வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்" என்றாள்.

"எதுக்கு?"

"அவரு சம்சாரம் இருளாயி அம்மா கால்ல விழுந்தேன். நான்தான் மறந்துட்டேன்னு சொன்னேன். முதல்ல எனக்கு, சேவ் அமுக்கினது நல்லா ஞாபகம் இருந்துச்சு. நீங்க பார்த்துட்டு லேட் இல்லைன்னு சொன்னீங்களாமே, அப்புறம் யோசிக்க யோசிக்க எனக்கே சந்தேகம் வந்துடுச்சுக்கா. அமுக்கின மாதிரி நினைச்சிருப்பேன் போல."

மைத்ரேயி எழுந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "இல்லம்மா. நீ அமுக்கினே. நேரத்துக்கு அமுக்கினே. சர்வர்தான் நின்னுது. நான்தான் சரியாப் பாக்கலை. உன் மேல தப்பே இல்லை."

மலர்க்கொடிக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தாள். அறைந்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்ணோ அவள் கையை ஆதரவாகத் தட்டிக் கொடுத்தாள்.

"மனசு கேக்காம சொல்றீங்க. பரவாயில்லைக்கா. மிஷின்ல இருக்கா? காட்டுங்க."

மைத்ரேயி திரையைப் பார்த்தாள். அதில் இருந்தது காலை ஏழரைக்குப் பிறகான கணக்கு மட்டும்.

மலர்க்கொடி அட்டையை மேஜைமேல் வைத்தாள். "விடுங்கக்கா" என்றாள். "அந்தம்மா என்னை மன்னிச்சிட்டாங்க."